துளிர்விட்ட முகூர்த்தக்கால்

மூன்றாவது இலை இன்னும் விரியவில்லை. காலையில் பார்த்தபோது சுருட்டிய பீடி மாதிரி இருந்தது, இப்போது நுனி மட்டும் லேசாக வாய் திறந்திருக்கிறது, நாளைக்குள் விரிந்துவிடும், விரிந்தால் அரசிலை போலவே இருக்கும், அதுதான் சங்கடம், போலவே இருக்கும். பந்தலின் நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு தாரணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை அதுதான். நாளைக்கு அக்கா ரேணுகாவுக்குக் கல்யாணம். அம்மாவும் அம்மாவின் தம்பி குப்புராஜ் மாமாவும் மளிகைச் சாமானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். ரேணுகா இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் கை சும்மா இருப்பவள் தாரணி ஒருத்தி, ஆகவே முகூர்த்தக்காலுக்குக் காவல். பக்கத்து லைன்வீட்டுப் பழனாத்தாளின் ஆடுகளை அவிழ்த்துவிட்டால் நேராக இங்கேதான் வரும், துளிரில் ஒரு வாய் வைத்தால் போச்சு, கண்ணை எடுக்காதே என்று மாமா ஆட்டோ கிளம்பிய பிறகும் தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, மூங்கிலோடு சேர்த்து நட்ட கால். நட்ட கால் துளிர்த்துவிட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மாராத்தாளும் வருகிறாள், இதைப் பார்க்கவென்றே தாராபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள். கல்யாணம் முடிந்ததும் பெயர்த்துக் கொண்டுபோய்த் தன் தோட்டத்து வாய்க்கால் ஓரம் நடப்போவதாகப் போனிலேயே சொல்லிவிட்டாள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய ஆட்டுப்பட்டி, அந்தப் பக்கம் சோளக்காடு. ஆனால் அது அரசு இல்லை. அது காட்டாமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு, சாயத்தண்ணி ஓடையின் இரண்டு கரையிலும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறதே அது, ஆடு தின்றால் ஆட்டைக் கொல்கிற அது, இந்த வீட்டில் தாரணி ஒருத்திக்கு மட்டும் தெரிந்த அது.

எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அரசின் குருத்து செம்பு நிறத்தில் மினுங்கும், ஓர் உறைக்குள் ஊசிபோல ஒளிந்திருந்து வெளியே வரும், உறை விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு தழும்பு நிற்கும். இதில் உறையும் இல்லை, தழும்பும் இல்லை. வெளிறின பச்சை, மேலே பூனைமயிர். இலையும் காம்பும் சேருமிடத்தில் இரண்டு சின்னச் சுரப்பிகள், அதில் கசிகிற தேனுக்கு எறும்பு வரும், இதோ வந்துவிட்டது, ஏறுகிறது, நின்று முகர்கிறது, மறுபடி ஏறுகிறது. நேற்று மாமா அந்த எறும்பைக்கூட லட்சுமி என்றார். மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. அப்பா இல்லாத வீட்டில் கால் வெட்டிக்கொண்டு வருவது தாய்மாமன் வேலை, அவரோ பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், துணியின் நெளிவுசுளிவு தெரிந்த அளவுக்குச் செடி கொடி தெரியாது. பால் வடிகிற மரத்தின் கொம்பாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். பிள்ளையார் கோயில் அரசில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. ஓடைக்கரைக்குப் போனார், கோடை, புதரெல்லாம் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது, அதற்குள் அரசங்கன்று ஒன்று நெடுநெடுவென்று வளர்ந்து நின்றதாம், கத்தியால் கீறிப் பார்த்தாராம், பால் சொட்டியதாம், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெட்டினாராம். பால் வடிந்ததென்னவோ உண்மை. அரசமரம்தான் இல்லை. வெட்டியபோது உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருந்திருக்குமே, அதை ஏன் அவர் பார்க்கவில்லை? பார்த்திருப்பார். மனசில் ஒன்று முடிவாகிவிட்டால் கண் அதற்குத் தகுந்தாற்போல்தான் பார்க்கும், மஞ்சள் பூசிய இடத்தில் யார் போய்க் களையைத் தேடுவார்கள்? ஓடையில் பூவோடு பார்த்தால் இந்தத் தெருவில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு இலை வந்திருக்கும்போது தெரியாது. இன்னும் நாலு இலை வந்தால் தெரிந்துவிடும், சிரிப்பார்கள், சிரிப்போடு போனால் பரவாயில்லை. முதல் துளிர் வந்த அன்றைக்கு மாமா அவளைத்தான் கூப்பிட்டார், வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், நீ படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு, அரசுதானே இது என்று கேட்டார். அவளுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. "நல்லாத் துளுத்திருக்குதுங் மாமா" என்றாள். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. நல்லா, ஆமாம். துளுத்திருக்குது, ஆமாம். பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டாள், அன்றைக்கு ராத்திரியிலிருந்து இதோ இந்த நிமிடம் வரைக்கும், சேர்த்துப் பார்த்தால் மட்டும் அது பொய்யாகவே இருக்கிறது. எங்க தாரணியே சொல்லிட்டா, எம்மெஸ்ஸி பாட்டனி, அரசேதானாம் என்று அம்மா மாராத்தாளுக்குப் போன் பண்ணியது அடுத்த கால் மணி நேரத்தில்.

உள்ளேயிருந்து ரேணுகா கூப்பிட்டாள். மூக்கு அரிக்கிறதாம். தாரணி எழுந்து போய்ச் சொறிந்துவிட்டாள். அங்கில்ல, இன்னும் கீழே, ஐயோ அழுத்தி, செடியத் தொடற மாதிரி தொடறியே புள்ள, நான் என்ன உதுந்தா போயிருவேன் என்று அக்கா சிரித்தாள். இரண்டு கையையும் முழங்கையிலிருந்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் அந்தக் கைகள் பகல் நேரத்தில் சும்மா இருந்து தாரணி பார்த்ததில்லை. பத்தாவது முடித்ததும் கம்பெனிக்குப் போனவள், ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள்தான், தங்கச்சி படிக்கட்டும் என்று யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை, போய் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். இன்னொரு தடவை கூப்பிட்டால் வரமாட்டாயே, அந்தக் குச்சியையே கட்டிக்கொண்டு அழு என்றாள். தாரணி ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணி வேணுமாக்கா என்று கேட்டுவிட்டுத் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லியிருக்கலாம். இப்போதே. இல்லை, சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது, சிரிக்காதபோது சொல்லலாம் என்றால் அவள் எப்போது சிரிக்காமல் இருக்கிறாள், ஒரு தடவை இருந்தாள், ஒரு வருஷம் முழுக்க இருந்தாள். இதற்கு முன்னால் ஓர் இடம் நிச்சயமாகும் வரைக்கும் வந்தது. அம்மன் கோயிலில் பூ கேட்கப் போனார்கள், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுச் சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள், குழந்தை எடுத்துக் கொடுத்ததைப் பூசாரி பிரித்தார், சிவப்பு. வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் சாமிக்குச் சம்மதம் இல்லை. அந்தப் பையனின் வீட்டார் செருப்பைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்கள், வேன் போயிற்று. அதற்குப் பிறகு கம்பெனியில் சிவப்புத் துணி வந்தால் ரேணுகா அதைப் பக்கத்து மிஷின் பெண்ணிடம் தள்ளிவிடுவாளாம், தாரணிக்கு இது வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். ஒரு பொட்டலம் அரளிக்கு அவ்வளவு பலம் என்றால் இந்தக் கழிக்கு எவ்வளவு இருக்கும், கால் துளிர்த்தால் குலம் துளிர்க்கும் என்று மாராத்தாள் போனில் சொன்னபோது அம்மா அழுதுவிட்டாள், ரேணுகா சமையல்கட்டுக்குள் போய் வேலையில்லாமல் டம்ளர்களைக் கழுவினாள். இது துளிர்த்தது நல்ல சகுனம் இல்லை, வெட்டி எங்கே போட்டாலும் துளிர்ப்பதுதான் இதன் குணம் என்று எந்த வாயால் சொல்வது? எந்த வாயால் சொல்லாமல் இருப்பது?

குணம். காலேஜில் இந்தச் செடியைப் பற்றிய செமினாரில் அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தாள், மேடம் அடித்துவிட்டு இயல்புகள் என்று எழுதச் சொன்னார். தென் அமெரிக்காவில் பிறந்தது. அழகுக்கு என்றோ வேலிக்கு என்றோ யாரோ கொண்டுவந்தார்கள், வேலி தாண்டி வந்துவிட்டது. கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர் விடும். ஒடித்துத் தண்ணீரில் எறிந்தால் மிதந்துபோய் ஒதுங்கின இடத்தில் ஊன்றிக்கொள்ளும். குளத்தில் நிற்கும், குட்டையில் நிற்கும், சாக்கடையில் நிற்கும், மீன் செத்து மிதக்கிற தண்ணீரிலும் நிற்கும், தண்ணீர் வற்றினால் வறண்ட மண்ணிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புனல் மாதிரிப் பூ, வெளிறின ஊதா, தொண்டையில் மட்டும் அடர்த்தி, விடியலில் விரிந்து வெயில் ஏற ஏற வதங்கிவிடும், மறுநாள் வேறு பூ. விதையைச் சுற்றிப் பட்டுமாதிரி ரோமம். இதையெல்லாம் அவள் மனப்பாடமாகச் சொன்னாள், வாழிடம் எங்கே பார்த்தாய் என்று மேடம் கேட்டதும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என்றாள், வகுப்பு சிரித்தது, அவளுக்குக் காது சுட்டது, ஆனால் அது உண்மை. நெய்வேலி என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டார், தெரியாது மேடம் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவளுக்கு எப்போதும் சுலபம். தெரிந்ததைச் சொல்வதில்தான் நாக்கு மடிகிறது. அப்புறம் ஆடு. கடைசியில் ஆட்டைப் பற்றி வாசித்தாள். முதலில் முகர்ந்துவிட்டு விலகிப் போகும், வேறு தீனி இல்லாதபோது ஒரு வாய் தின்னும், பிறகு மறுபடி தின்னும், பிறகு புல்லைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காமல் இதைத் தேடியே போகும், பின்னங்கால் பின்னும், தலை நிற்காமல் ஆடும், கண் எங்கேயோ நிலைகுத்தும், இளைத்து இளைத்துச் சாகும். தாராபுரத்துப் பக்கம் வறண்ட காடு, கால் நனைய இடம் இல்லாததால் இந்தச் செடி அங்கே அவ்வளவாகப் போகவில்லை, அந்தப் பட்டி ஆடுகளுக்கு இதன் வாசமே தெரியாது. இனிமேல் தெரியும். சீர்வரிசையோடு சேர்த்து அனுப்பப்போகிறோம். கிணற்று வாய்க்கால் ஓரம் நட்டால் ஒரே மழையில் வாய்க்கால் முழுக்க ஓடிவிடும், முதலில் ஒரு குட்டி தலையை ஆட்டும், அப்புறம் அதன் தாய், என்ன சீக்கென்று தெரியாமல் மாப்பிள்ளையின் அப்பா வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார், யாராவது ஒருத்தர் வாய்க்காலைக் காட்டி இது எங்கிருந்து வந்தது என்பார், அப்போது எல்லோரும் திரும்பி அடுப்படியில் நிற்கிற ரேணுகாவைப் பார்ப்பார்கள். வந்த காலின் ராசி. அரளிப் பொட்டலத்தில் தப்பித்தவள் அங்கே தப்பிக்க முடியாது, அங்கே வேன் ஏறிப் போகிறவர்கள் யாரும் இல்லை, அங்கேயேதான் இருப்பாள்.

ஆடு வந்தது. பழனாத்தாளின் கறுப்புக் கிடாக்குட்டி, கயிறு அறுந்து தரையில் இழுபட, யோசித்து யோசித்துக் கால் வைத்துப் பந்தலுக்குள் வந்தது. தாரணி எழவில்லை. ஏன் எழவில்லை என்று அவளுக்கே முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. கடிக்கட்டும். ஒரே கடி, இரண்டு இலையும் மூடின இலையும் போய்விடும், மாராத்தாள் வந்து பார்த்து உச்சுக் கொட்டுவாள், ஆடு தின்றதற்கு யார் என்ன செய்ய முடியும், சாமி குற்றமும் இல்லை, மாமன் குற்றமும் இல்லை, காவல் காத்தவள் தூங்கிவிட்டாள் என்று நாலு திட்டு விழும், விழட்டும். ஒரு வாயில் செத்துவிடாது. ஒரு வாயில் ருசி தெரிந்துவிடுமா? எத்தனை வாயில் தெரியும் என்று செமினாரில் போட்டிருந்தாளா, இல்லை, அதை யாரும் கேட்கவில்லை, ஓடை இங்கிருந்து கூப்பிடு தூரம், ருசி தெரிந்தால் இந்தக் குட்டி நாளைக்கு அங்கேதான் போகும், பழனாத்தாள் இந்தக் குட்டிக்குப் பாட்டிலில் பால் ஊட்டியவள். குட்டி கழுத்தை நீட்டியது. மூக்குத்துவாரம் இலைக்குப் பக்கத்தில் விரிந்து சுருங்கியது. இலையும் முன்னே நகர்ந்த மாதிரி இருந்தது, காற்று. "ஏய்" என்று கத்திக்கொண்டு தாரணி எழுந்தாள், நாற்காலி பின்னால் சாய்ந்தது, குட்டி துள்ளிக் கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடியது. என்னாச்சு புள்ள என்றாள் ரேணுகா. ஆடு என்றாள். கடிச்சிருச்சா? இல்லை. அப்பாடா என்று உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சுதான். இத்தனை நேரம் இடுக்கில் மாட்டின துணி மாதிரி எங்கேயோ சிக்கிக் கிடந்தது அந்தப் பெருமூச்சில் கிழிந்துவிட்டது. தாரணி உள்ளே போனாள், அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், மருதாணிக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அரசு இல்லைக்கா. காட்டாமணக்கு. அன்னைக்கே எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னாள், கணு, வாய்க்கால், ஆடு, தலை ஆடுவது, வரிசை மாறி, செமினாரில் மாதிரி இல்லாமல்.

ரேணுகா தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். ஃபேன் சுற்றியது. பிறகு, ஊதாப் பூ பூக்குமே அதா என்று கேட்டாள். அதுதான். அழகா இருக்குமே அது என்றாள். ஆடு நிசமாவே சாகுமா என்றாள். உடனே சாகாது, சாகும் என்றாள் தாரணி. அன்னைக்கே ஏன் சொல்லலே என்று கேட்பாள் என்று காத்திருந்தாள், அதற்குப் பதில்கூட வைத்திருந்தாள், செவப்பு அரளிக்கா என்று. அவள் கேட்கவில்லை. பொண்ணு பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை அவளிடம் பேசியது ஒரே விஷயம்தான் என்று சொன்னாள், பட்டியில் ஒரு வெள்ளாடு மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்குப் பால் போதவில்லை, புட்டியில் கொடுக்கிறோம் என்று. வேறு எதுவுமே பேசலே, லூசு என்றாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யலாம் என்று தாரணி கேட்டதற்குப் பதில் வருவதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "ஏனுங், ஊட்ல ஆருமில்லீங்களா?"

மாராத்தாள் தனியாகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் கசங்கின சேலை, ஒரு கையில் பூப்பொட்டலம், இன்னொரு கையில் கனமாக ஒரு கேரிபேக். உள்ளே வரச் சொன்னதற்கு, இரு கண்ணு, மொதல்ல பெரிய மனுசரப் பாத்துப்போட்டு வாரேன் என்று முகூர்த்தக்காலுக்கு முன்னால் குந்தினாள். இலையை விரலால் தொடாமல், விரலை அதன் கீழே ஏந்தின மாதிரி வைத்துப் பார்த்தாள். கேரிபேக்கை அவிழ்த்தாள். ஆட்டுப்புழுக்கை. பட்டியிலிருந்து அள்ளி, காயவைத்து, பொடி பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான் என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு கை அள்ளியபடி தாரணியை நிமிர்ந்து பார்த்தாள். "அரசங்கன்னுக்கு இத்தன சின்னதுலயே எரு வெக்கலாமா, அம்மிணி? நீ படிச்சவ, சொல்லு." தாரணிக்கு வாக்கியம் தயாராக இருந்தது. அத்தை, நான் ஒன்று சொல்ல வேண்டும். அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தை, இது. எது முதலில் என்று தெரியவில்லை, மூன்றும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன, அத்தை என்பது மட்டும் வெளியே வந்தது, அதுவும் காற்றாக. அப்போது கதவு இடிபட்டுத் திறந்தது. ரேணுகா முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள், வலது கை மருதாணி கதவில் தேய்ந்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. "அது அரசு இல்லீங் அத்தை. காட்டாமணக்கு. மாமா தெரியாம வெட்டிட்டு வந்துட்டாரு. ஆட்டுக்கு ஆகாதுங். உங்க பட்டிக்கு வேண்டாம்" என்றாள்.

மாராத்தாள் அள்ளின கையை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. ரேணுகாவைப் பார்த்தாள், முகூர்த்தக்காலைப் பார்த்தாள், தாரணியைப் பார்த்தாள். நிசமா அம்மிணி என்றாள். ஆமாங்க அத்தை என்றாள் தாரணி. ஒரே சொல், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மாராத்தாள் புழுக்கையைக் கேரிபேக்கிலேயே திரும்பப் போட்டாள், ஓர் இலையைக் கிள்ளினாள், கசிந்த பாலைப் பார்த்தாள், விரலை மூங்கிலில் துடைத்தாள். ஊரில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேனே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், வாய்க்கால் ஓரம் குழிகூடத் தோண்டியாச்சு. தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அது போய் முடியும் வரை தாரணி மூச்சு விடவில்லை. மாராத்தாள் முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள், நேராக ரேணுகாவிடம் போனாள், தேய்ந்த கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பாரு, பூவெல்லாம் போச்சு, இன்னொருக்கா வெச்சுக்கோ கண்ணு, இந்தக் கையோட மணையில உக்காந்தா என்னையத்தான் சொல்லுவாங்க என்றாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "உன்ற மாமனுக்குப் போன் போட்டு நெசமான அரசங்கொம்பு ஒண்ணு கொண்டாரச் சொல்லு. வெளக்கு வெக்கறதுக்குள்ள நட்டுப்போடலாம். கேக்கறவங்ககிட்ட ஆடு கடிச்சுப்போட்டுதுன்னு சொல்லிக்கலாம், ஆடு வந்து சாட்சியா சொல்லப்போவுது? நீயும் அப்படியே சொல்லோணும்." தாரணி தலையை ஆட்டினாள் என்றும் சொல்ல முடியாது, ஆட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா இந்தப் புழுக்கையச் சொமந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாராத்தாள் ரேணுகாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தாரணி மாமாவுக்குப் போன் பண்ணினாள், அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் வந்து சொல்றேனுங் மாமா என்றாள். பிறகு மாவிலையையும் நவதானிய முடிச்சையும் அவிழ்த்து நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கழியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் அசைத்து இழுத்தபோது மண்ணோடு வந்தது, அடியில் வெள்ளை வெளேரென்று நூல்நூலாக வேர், எதிர்பார்த்ததைவிட நிறைய, இலை வெளியே தலை காட்டும் முன்பே கீழே வேலையை ஆரம்பித்திருக்கிறது. அடிக்கணு ஒன்று ஒடிந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே யாரோ சிரித்தார்கள், அக்காவா அத்தையா என்று தெரியவில்லை, காப்பி போட வா என்று கூப்பிட்டார்கள். வர்றேன் என்றாள். முட்டி போட்டு உட்கார்ந்து குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள், ஒரு துண்டு வந்தது, இன்னும் இருக்கும் போலிருந்தது, நகக்கண்ணில் மண் ஏற மறுபடி கையை விட்டாள்.